இன்னொரு பாகம் வருமா என்று கேட்பவர்களுக்கு

படம் முடிந்து விளக்கு போட்டதும் தியேட்டர் படிக்கட்டிலேயே ஆரம்பித்துவிடும் பேச்சு இது. அடுத்த பார்ட் வருமா, வராதா? வரும் என்பவர்கள் கடைசிக் காட்சியைக் காட்டுவார்கள். முட்டை ஒன்று உடையாமல் கிடந்ததே, வில்லன் பிணத்தைக் காட்டவே இல்லையே, பெயர் எல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு துண்டுக் காட்சி வந்ததே என்று. வராது என்பவர்களும் அதே கடைசிக் காட்சியைத்தான் பிடித்துக்கொள்வார்கள்: ஹீரோ செத்துவிட்டான், கதை முடிந்தது, போஸ்டரிலேயே கடைசி பாகம் என்று போட்டுவிட்டான், இனி என்ன இருக்கிறது? கிருஷ்ணகிரியில் டப்பிங் படம் ஒன்று விடாமல் பார்த்து, இந்தப் பேச்சில் ஆசையோடு கலந்துகொண்டு வந்தவன் நான். கதை எப்படி முடிந்தது என்பதை வைத்து ஸ்டூடியோ அடுத்த பாகத்தை அறிவிக்குமா என்று சொல்லவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' வரிசையில் நான்காவது படம் 1984இல் வந்தபோது அதன் தலைப்பிலேயே 'தி ஃபைனல் சாப்டர்' என்று இருந்தது. அடுத்த வருஷமே ஐந்தாவது வந்துவிட்டது. 'ஷ்ரெக்' நான்காவது படத்தை 2010இல் இதுதான் கடைசி என்று சொல்லித்தான் விற்றார்கள். ஐந்தாவதை 2024 ஜூலையில் அறிவித்தார்கள். 2022இல் வந்த 'ஜுராசிக் வேர்ல்ட்: டொமினியன்' படத்தை முப்பது வருஷக் கதைக்கு முடிவு என்று விளம்பரம் செய்தார்கள். 2024 ஜனவரியில் அடுத்த படத்தின் செய்தி வந்தது, 2025 ஜூலை 2 அன்று 'ரீபர்த்' தியேட்டரில் ஓடியது. நம்மூரிலும் இது புதிதில்லை. 1979இல் வந்த 'கல்யாணராமன்' படத்தில் செத்து ஆவியாகி வந்த கல்யாணம், 1985இல் 'ஜப்பானில் கல்யாணராமன்' படத்திலும் ஆவியாகவே திரும்பி வந்தான். சாவு ஒரு தடையாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் மாங்கூழ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். ஹாலிவுட்டின் பெரிய படங்கள் மே மாதம் தொடங்கி ஜூலை வரை வரும், எங்களுக்கும் சீசன் அப்போதுதான், கேட்டுக்கு வெளியே பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் ரோடு வரை நிற்கும், எடைச்சீட்டு கை மாறிக்கொண்டே இருக்கும். அந்த எடைச்சீட்டில் இருக்கும் டன் ஒன்று, கழிவு போக விவசாயி கைக்குப் போகும் காசு ஒன்று. சினிமா வசூல் செய்தி படிக்கும்போதும் எனக்கு முதலில் இதுதான் தோன்றும். டிக்கெட் விற்ற மொத்தப் பணம் எவ்வளவு என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அதில் ஸ்டூடியோவின் பெட்டிக்குப் போனது எவ்வளவு என்று கேட்கிறவர்கள் குறைவு.

'வார்கிராஃப்ட்' என்று 2016இல் ஒரு படம் வந்தது. தயாரிப்புச் செலவு 16 கோடி டாலர், உலக வசூல் சுமார் 44 கோடி டாலர். செலவைப்போல் இரண்டரை மடங்கு வசூலித்தால் படம் தப்பித்தது என்று ஹாலிவுட்டில் ஒரு வாய்க்கணக்கு உண்டு, அந்தக் கணக்குப்படி இது தாண்டிவிட்டது. ஆனால் அடுத்த பாகம் வரவில்லை. காரணம், அந்த வசூலில் ஏறக்குறைய பாதி சீனாவில் வந்தது. அமெரிக்காவில் டிக்கெட் காசில் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே ஸ்டூடியோவுக்குப் போகும், சீனாவில் கால் பங்குதான். அமெரிக்காவில் அந்தப் படம் 5 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. அதோடு விளம்பரச் செலவு தனி, அது தயாரிப்புச் செலவில் சேராது. 44 கோடி என்று தலைப்பில் பார்த்துவிட்டு, கண்டிப்பா வரும் என்று பந்தயம் கட்டியவர்கள் உண்டு. நம் தியேட்டர்காரர்கள் இதில் ஏமாறமாட்டார்கள், அவர்கள் பேச்சே ஷேர் (தியேட்டர் பங்கு போகப் படத்தை வாங்கியவர் கைக்கு வரும் காசு) பற்றித்தான். சேலம் ஏரியாவுக்கு (தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள் அடக்கம்) படத்தை வாங்கி விநியோகித்தவரிடம் போய் வசூல் கேட்டால், "ஷேர் எவ்ளோ நின்னுச்சுனு கேளுங்க" என்பார்.

இதே காரணத்தால்தான் திகில், பேய்ப் படங்களுக்குப் பாகங்கள் குறைவதே இல்லை. 2004இல் வந்த முதல் 'சா' படத்துக்கு ஆன செலவு 12 லட்சம் டாலர், வசூல் 10 கோடி டாலருக்கு மேல். அதன்பின் 2010 வரை வருஷம் தவறாமல் ஒன்று. நம் பக்கம் 'அரண்மனை' 2014, 2016, 2021, 2024 என்று நான்கு வந்துவிட்டது. 'முனி' 2007இல் ஆரம்பித்து 'காஞ்சனா'வாகி எங்கேயோ போய்விட்டது. பேய்க்குக் கால்ஷீட் வாங்க வேண்டாம், சம்பளம் ஏறாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பணத்தைவிட முன்னால் பார்க்க வேண்டியது உரிமை. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மேலே சொன்ன 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' வரிசையில் 2009இல் வந்த படம் லாபம்தான். போட்டதைப்போல் பல மடங்கு வந்தது. முகமூடி மாட்டிய கொலைகாரன் ஜேசனை உலகமே அறியும். அப்புறம் ஏன் வருஷக்கணக்கில் ஒரு படமும் வரவில்லை? 1980இல் வந்த முதல் படத்தின் கதை வசனத்தை எழுதியவர் விக்டர் மில்லர். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: படைப்பை எழுதிக் கொடுத்தவர் 35 வருஷம் கழித்து, கொடுத்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் சம்பளத்துக்கு வேலை செய்த ஊழியராக இருந்திருக்கக் கூடாது. மில்லர் ஊழியரா, தனியாக எழுதிக் கொடுத்தவரா என்பதுதான் வழக்கு. 2018இல் மில்லர் பக்கம் தீர்ப்பு, மேல்முறையீட்டிலும் 2021இல் அவர் பக்கமே. ஆனால் அது முதல் படத்தின் ஸ்கிரிப்டுக்கு, அதுவும் அமெரிக்காவுக்குள் மட்டும். ஹாக்கி முகமூடி போட்ட ஜேசன் மூன்றாவது படத்தில்தான் வருகிறான்! அவன் யாருக்குச் சொந்தம் என்று எவரும் துணிந்து சொல்ல முடியாத நிலையில் எந்த ஸ்டூடியோ காசு போடும்? தம்பி பெயரில் பட்டா, அண்ணன் கையில் அனுபவம் என்று இருக்கும் நிலத்தை இங்கே யார் வாங்குவார்கள்?

இதற்கு நேர் எதிரான நிலைமை ஸ்பைடர்மேனுக்கு. அந்தக் கதாபாத்திரத்தின் சினிமா உரிமை சோனியிடம் இருக்கிறது, ஆனால் சும்மா வைத்திருக்க முடியாது. ஒரு படம் வந்ததிலிருந்து ஐந்தே முக்கால் வருஷத்துக்குள் அடுத்தது வெளியாகவில்லை என்றால் உரிமை மார்வெலுக்குத் திரும்பிவிடும் என்பது வெளியே வந்த ஒப்பந்தத்தில் இருந்த விஷயம். மூன்றாவது படம் 2007 மே. நான்காவதை 2010 ஜனவரியில் கைவிட்டார்கள். 2012 ஜூலையில் புது நடிகர், புது இயக்குநர், முதலிலிருந்து கதை. நம் ஆட்கள் எல்லோரும் அப்போது "இப்பத்தானே எடுத்தான், அதுக்குள்ள மறுபடியுமா" என்று சலித்துக்கொண்டார்கள். கெடு 2013 தொடக்கத்தில் முடிகிறது என்று தெரிந்திருந்தால் சலிப்பே வந்திருக்காது. இதைவிட அதிசயம் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்'. அதன் உரிமையை வைத்திருந்தவர்கள், அது கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக சுமார் 10 லட்சம் டாலரில் அவசரமாக ஒரு படத்தை எடுத்து முடித்தார்கள். 1994இல் வரவேண்டிய அந்தப் படம் தியேட்டருக்கே வரவில்லை. அதில் நடித்தவர்கள் பாவம், படம் வெளியாகும் என்று நம்பி ஊர் ஊராகப் போய் விளம்பரம் செய்திருக்கிறார்கள்.

ஆகவே என்னிடம் யாராவது ஒரு தொடர்படத்தைச் சொல்லி அடுத்தது வருமா என்று கேட்டால், உரிமை யாரிடம், கெடு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். கெடு இருந்தால் சுமாராக ஓடிய படத்துக்கும் அடுத்தது வரும். வழக்கு இருந்தால் சூப்பர் ஹிட் படத்துக்கும் வராது.

சரி, இவ்வளவும் படம் எடுப்பார்களா என்பதற்கு. அறிவிப்பார்களா என்பது தனிக் கேள்வி, இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பெரும்பாலான கணிப்புகள் தப்பாகின்றன.

எங்கள் பக்கம் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுவார்கள். தை மாதம் மரம் முழுக்கப் பூத்து நிற்பதைப் பார்த்து வியாபாரி விலை சொல்லி முன்பணம் கொடுத்துவிடுவார். அப்புறம் மூடுபனி இறங்கும், தத்துப்பூச்சி வரும், காற்றுமழையில் பிஞ்சு கொட்டும்; கூழ் கம்பெனிக்கு வரும் காய் வேறு கணக்கு. ஸ்டூடியோவின் அறிவிப்பு பூ மாதிரிதான். பூவுக்கும் பணம் கை மாறுகிறது, அதனால் பூத்துக் காட்டுவதற்கென்றே ஒரு காலம் இருக்கிறது.

அந்தக் காலம் எது? 2023 பிப்ரவரி 8 அன்று டிஸ்னி தன் காலாண்டுக் கணக்கைப் பங்குச் சந்தைக்குச் சொன்ன கூட்டத்தில், தலைமை அதிகாரி பாப் ஐகர் 'டாய் ஸ்டோரி', 'ஃப்ரோசன்', 'ஸூட்டோபியா' மூன்றுக்கும் அடுத்த பாகம் தயாராகிறது என்றார். அதே கூட்டத்தில் அவர் சொன்ன மற்ற விஷயங்களையும் பாருங்கள்: 7,000 பேரை வேலையிலிருந்து எடுக்கிறோம், 550 கோடி டாலர் செலவைக் குறைக்கிறோம். அவர் ஓய்விலிருந்து திரும்ப வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. முந்தைய வருஷம் 'லைட்இயர்', 'ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட்' இரண்டும் படுத்துவிட்டன. நெல்சன் பெல்ட்ஸ் என்கிற பெரும் முதலீட்டாளர் டிஸ்னி கம்பெனியின் நிர்வாகக் குழுவில் (போர்டில்) இடம் கேட்டுச் சண்டைக்கு நின்றார். மறுநாளே அவர் சண்டையை நிறுத்திக்கொண்டார். அந்த வருஷக் கடைசியில் மறுபடி வந்தார், 2024 ஏப்ரலில் பங்குதாரர்கள் ஓட்டுப் போடப் போகிறார்கள் என்று ஆனது. அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2024 பிப்ரவரி 7 அன்று, அதே மாதிரி கணக்குக் கூட்டத்தில், யாரும் எதிர்பார்க்காமல் 'மோவானா 2' இந்த வருஷம் நவம்பரிலேயே வருகிறது என்று ஐகர் அறிவித்தார். ஓடிடி தொடராக எடுத்துக்கொண்டிருந்ததைப் படமாக மாற்றியிருந்தார்கள். படம் 100 கோடி டாலரைத் தாண்டியது.

இரண்டு அறிவிப்பிலும் ரசிகன் கேட்டுக்கொண்டிருந்தான், ஆனால் பேச்சு பங்குதாரரிடம். அதனால் ஒரு ஸ்டூடியோ அறிவிக்குமா என்று கணிக்க, அந்தக் கம்பெனியின் பங்கு எப்படி இருக்கிறது, தலைமை அதிகாரிக்கு நெருக்கடி இருக்கிறதா, அடுத்த கணக்குக் கூட்டம் எப்போது என்று பார்ப்பது, ரசிகர் படையின் ஆர்வத்தை அளப்பதைவிடப் பயன் தரும். ஓசூரில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் என் மருமகனுக்கு இதில் என்னைவிட வெறி. அந்தக் கூட்டங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் கேட்கலாம், அப்போதெல்லாம் நமக்கு விடியற்காலை மூன்று மணி வாக்கில் வரும். ஒருமுறை அவன் பிரேக் நேரத்தில் போன் போட்டு, "மாமா, ஆரம்பிச்சுட்டாங்க" என்றான், இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டோம். முதலில் காத்திருக்கும் பாட்டு. அப்புறம் ஓர் அதிகாரி, உணர்ச்சியே இல்லாத குரலில், இந்தக் கூட்டத்தில் சொல்லப்படும் எதிர்காலத் திட்டங்கள் எல்லாம் மாறக்கூடியவை, நடப்பது வேறாக இருக்கலாம் என்று சட்டப்படியான எச்சரிக்கையை வாசிக்கிறார். அதற்குப் பிறகுதான் தலைமை அதிகாரி பேசுகிறார். "இதைத்தானே மாமா யாரும் எழுதறதில்ல" என்றான் அவன். அடுத்த பாகம் பற்றிய அறிவிப்பும் அந்த எச்சரிக்கைக்குள்தான் வருகிறது. சொன்னவர்களே முதலில் சொல்லிவிடுகிறார்கள், நாம்தான் அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்பதில்லை.

'ஃப்ரோசன் 3' அறிவித்தபோது என் அக்கா பேத்தி மூன்றாம் வகுப்பு. எல்சாவுக்குத் தமிழில் ஸ்ருதி ஹாசன் குரல் என்பதால் இரண்டாம் பாகத்தை வீட்டில் ஓயாமல் ஓட்டிக்கொண்டிருந்தவள். மூன்றாம் பாகத்துக்குக் குறித்திருப்பது 2027 நவம்பர், அப்போது அவள் எட்டாம் வகுப்பில் இருப்பாள். அனிமேஷன் படம் என்றால் அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையில் நாலைந்து வருஷம் என்பது சாதாரணம், அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் சொல்வது நல்லது. "வருதாம்" என்று மட்டும் சொன்னால் அடுத்த லீவுக்கு வரும் என்றுதான் நினைத்துக்கொள்ளும்.

தேதியே குறித்துவிட்டார்கள், இனி பயமில்லை என்பதும் சரியில்லை. 2015இல் 'டெர்மினேட்டர் ஜெனிசிஸ்' வருவதற்கு முன்பே, அதன் அடுத்த இரண்டு பாகங்களுக்கும் 2017, 2018 என்று பாரமவுண்ட் நாள் குறித்திருந்தது. படம் வந்தது, அமெரிக்காவில் எடுபடவில்லை, இரண்டு தேதியும் காணாமல் போயின. 2012இல் புதிதாகத் தொடங்கிய 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' வரிசையில் மூன்றுக்கும் நான்குக்கும் சோனி வருஷம் சொல்லியிருந்தது. இரண்டாவது படம் எதிர்பார்த்த அளவு போகாததால், 2015இல் மார்வெலோடு கைகோத்து வேறு பையனை வைத்து ஆரம்பித்துவிட்டார்கள். முதல் படம் ஓடும் முன் அறிவிக்கப்பட்ட பாகங்களை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது விற்பனைக்குச் சொல்வது.

தமிழில் இந்தப் பழக்கம் இப்போது எல்லை மீறிவிட்டது, வருத்தத்தோடுதான் சொல்கிறேன். எதற்கெடுத்தாலும் கடைசியில் 'பாகம் 2' என்று ஒரு கார்டு. நம் நிலைமை ஹாலிவுட்டிலிருந்து ரொம்பவே வேறு. அங்கே நடிகரிடம் முதல் படத்திலேயே அடுத்தடுத்த பாகங்களுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கி வைப்பார்கள். இங்கே உரிமை தயாரிப்பாளரிடம் இருந்தாலும் ஜனம் வருவது ஹீரோவுக்கும் டைரக்டருக்கும், அந்த இரண்டு பேரின் கால்ஷீட்டும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும், அதற்குள் ஹீரோவின் சம்பளம் ஏறியிருக்கும், பைனான்ஸ் வட்டி ஓடிக்கொண்டிருக்கும், ஓடிடிக்காரர்கள் விலையைக் குறைத்திருப்பார்கள். 'விஸ்வரூபம்' 2013 ஜனவரியில் வந்தது. இரண்டாம் பாகத்தில் பெரும்பகுதியை அப்போதே எடுத்திருந்தும் அது வந்தது 2018 ஆகஸ்டில். 2024 ஜூலையில் 'இந்தியன் 2' முடியும்போது மூன்றாம் பாகத்தின் டிரெய்லரையே தியேட்டரில் போட்டுக் காட்டினார்கள், படம் அதே சூட்டில் வரவில்லை. எடுத்து முடித்த காட்சிகளுக்கே இந்தக் கதி என்றால் கார்டு எந்த மூலைக்கு?

இங்கே நான் நம்புவது வேறு மாதிரி அறிவிப்பை. 'ஜெயிலர்' 2023 ஆகஸ்டில் வந்து பெரிய ஹிட். உடனே அறிவிக்கவில்லை. 2025 பொங்கலன்று, ரஜினியையும் நெல்சனையும் வைத்துத் தனியாக ஒரு முன்னோட்டமே எடுத்து வெளியிட்டார்கள். ஹீரோ, டைரக்டர், கம்பெனி மூன்றும் அதே மூன்று, நாலு நிமிஷத்துக்குச் செலவு செய்து எடுத்திருக்கிறார்கள். காசு செலவழித்துச் சொன்ன அறிவிப்புக்கும் வாயால் சொன்ன அறிவிப்புக்கும் உள்ள வித்தியாசம் இது. தமிழில் நாள் பார்ப்பதும் சுலபம்: பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி, ஹீரோ பிறந்தநாள்.

கடைசியாக, இப்போது எங்களுக்குள் ஓடும் பந்தயம். ஜுராசிக் வரிசையில் இன்னொன்று உண்டா? என் கணிப்பு, கண்டிப்பாக உண்டு. உரிமையில் சிக்கல் இல்லை, யூனிவர்சல் ஸ்டூடியோவும் ஸ்பில்பெர்க்கின் ஆம்பிளின் கம்பெனியும் ஆரம்பத்திலிருந்து ஒன்றாகவே இருக்கிறார்கள். வசூல் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்பது உண்மைதான்: 2015இல் 167 கோடி டாலர், 2018இல் 131, 2022இல் 100ஐச் சற்றுத் தாண்டியது, 'ரீபர்த்' 87 கோடி பக்கம். ஆனால் 'ரீபர்த்' படத்தின் செலவு 18 கோடி டாலர்தான் என்கிறார்கள், ஹாலிவுட் டைனோசர் படத்துக்கு அது சிக்கனம். போட்டதைப்போல் நாலரை மடங்குக்கு மேல் வந்த படத்தை எவரும் கிடப்பில் போடமாட்டார்கள். போதாததற்கு யூனிவர்சலின் பொழுதுபோக்குப் பூங்காக்களில் டைனோசர் இருக்கிறது, அங்கே டிக்கெட் விற்கவும் புதுப் படம் வேண்டும். 2015, 2018, பிறகு 2021 என்றுதான் குறித்திருந்தார்கள், கொரோனாவால் 2022 ஆனது, அடுத்தது 2025. மூன்று வருஷத்துக்கு ஒன்று என்கிற வழக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. எனவே 2028 கோடை என்பது என் பக்கம்.

மருமகன் அதற்கு முன்பே வரும் என்கிறான். 'ரீபர்த்' படத்தை ஒன்றரை வருஷத்தில் செய்தி சொல்லி எடுத்து வெளியிட்டார்களே, மறுபடி ஏன் முடியாது என்பது அவன் வாதம். அப்போது செய்தி வெளியே வரும் முன்பே டேவிட் கெப் ஸ்கிரிப்டில் உட்கார்ந்துவிட்டார், அவர் 1993இல் வந்த முதல் படத்தையே எழுதியவர், அதனால்தான் அந்த வேகம். இம்முறையும் எழுதுகிறவர் யார் என்ற செய்தி முதலில் வரட்டும், அப்புறம் நாளைப் பற்றிப் பேசலாம் என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.